உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி: மச்சத்தைத் தேதி போட்டுக் கவனிப்பது எப்படி

பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் இரண்டு வரி இருக்கும். 'வலது முழங்கையில் ஒரு மச்சம்', 'இடது கன்னத்தில் ஒரு மச்சம்.' வாத்தியார் அவசரத்தில் கண்ணில் பட்டதை எழுதியதுதான். ஆனாலும் உடம்பில் இருக்கும் மச்சத்தைப் பற்றித் தேதியோடு எழுதிவைத்த ஒரே காகிதம் நம்மில் பலருக்கு அதுதான். ஐம்பது வயதில் அந்த முழங்கை மச்சம் பழையதா புதியதா என்ற கேள்வி வந்தால், பதினைந்து வயதிலேயே அது இருந்ததற்கு அதுவே சாட்சி.

உள்ளங்காலை எந்த வாத்தியாரும் புரட்டிப் பார்த்து எழுதியதில்லை. நம் தோலுக்கு முக்கியமான இடமோ அதுதான்.

தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் புற்றுக்கு மெலனோமா என்று பெயர். வெள்ளைத்தோல் நாடுகளில் அது முதுகிலும் காலிலும் வெயில் பட்ட இடத்திலும் அதிகம் வருகிறது. 'வெயிலில் காயாதே, மச்சத்தைக் கவனி' என்ற அறிவுரை அங்கே பிறந்தது. நம் தோலில் உள்ள கறுப்பு நிறமியே வெயிலை ஓரளவு தடுத்துவிடுவதால் இங்கே மெலனோமா அரிது. வருகிறபோது அதில் கணிசமான பங்கு வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வந்து உட்கார்கிறது. இன்னொன்று: பெரும்பாலான மெலனோமா பழைய மச்சம் கெட்டுப்போய் வருவதில்லை, சும்மா கிடந்த தோலில் புதிதாக முளைத்து மச்சம் மாதிரி வேஷம் போடுகிறது. அதனால் இருக்கிற மச்சத்தைக் கண்காணிப்பது பாதி வேலை. நேற்று இல்லாத ஒன்று இன்று இருக்கிறதா என்று பார்ப்பது மறுபாதி.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். குலசேகரம், அருமனைப் பக்கம் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர்கள், அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள், பனையேறிக் காய்த்துப்போன பாதங்கள், தூத்தூர், நீரோடிக் கரையில் செருப்பில்லாமல் மணலில் நடக்கும் மீன்பிடிக்காரர்கள். காலில் கறுப்பாக ஒன்று இருந்தால் அதற்கு ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கும்: முள் குத்தியது, கல் இடித்தது, ஆணி, கறை. பத்தில் ஒன்பது தடவை அந்தக் காரணம் சரியாகவும் இருக்கும். அதுதான் சிக்கல். பத்தாவது தடவையைப் பிரித்தெடுக்க நினைவு போதாது; அளவு வேண்டும்.

'எப்போதிருந்து இருக்கிறது?' என்று கேட்டால் வரும் பதில்கள் இவை: "அது பண்டே உள்ளதாக்கும் மக்களே." "கொறே நாளாச்சு சாரே." முதல் பதிலை நம்ப முடியாது. கண்ணுக்குத் தெரிந்த நாளிலிருந்து எல்லாமே பண்டே உள்ளதாகத்தான் தோன்றும். இரண்டாவது பதிலில் வேறொரு கூத்து உண்டு. எல்லைப் பக்கத்தில் 'கொறே' என்றால், மலையாளத்தில் போல, ரொம்ப. கிழக்கிலிருந்து மாற்றலாகி வந்த டாக்டர் காதில் அது 'குறைவு' என்று விழுந்தால் ஒரு வருடக் கதை ஒரு வாரக் கதையாகிவிடும். ஆகவே 'போன ஓணத்துக்கு இல்லை, இந்தப் பொங்கலுக்கு இருந்தது' என்று பண்டிகையை வைத்தோ மாதத்தை வைத்தோ சொல்லுங்கள். மச்சத்துக்கும் இங்கே பல பெயர்: மச்சம், மறு, மறுகு, காக்காப்புள்ளி. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அரிம்பாறை என்றால் அது மச்சமல்ல, நாம் மரு என்று சொல்வது. சந்தேகம் இருந்தால் பெயரைச் சொல்லாமல் இடத்தைக் காட்டிவிடுங்கள்.

முதல் படம்

கவனிப்பு என்பது முதல் நாள் எடுக்கும் படத்தில் தொடங்குகிறது. பின்னால் எடுக்கும் எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம், ஆகவே இதற்குக் கொஞ்சம் மெனக்கெடலாம்.

காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, கால்மணி நேரம் காயவிடுங்கள். ஊறிய பாதத்தைப் படமெடுக்கக் கூடாது. தண்ணீரில் நின்ற தோல் வெளுத்துச் சுருங்கி, மச்சத்தின் நிறத்தையும் ஓரத்தையும் மாற்றிக் காட்டும். ஆனி, ஆடி மழையில் நாளெல்லாம் சேற்றில் நிற்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பது நல்லது. ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் தை, மாசி மாதங்கள் முதல் படத்துக்கு மிகவும் தோதானவை. கால் காய்ந்து, கறை குறைந்திருக்கும்.

வாழைக்கறை, பாக்குக்கறை, முந்திரித் தோட்டின் எண்ணெய்க் கறை மூன்றும் சோப்புக்குப் போகாது. ஆனால் தோலின் மேல்படலத்தோடு தானாக உரிந்து சில வாரத்தில் போய்விடும். உள்ளங்கையில் இது கொஞ்சம் சீக்கிரம். காய்த்துத் தடித்த உள்ளங்காலில் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். கறைதானா என்று சந்தேகம் வந்தால் அந்த வேலையிலிருந்து கையை விலக்கி மூன்று, நான்கு வாரம் பாருங்கள். கறை மங்கும், நகரும், திட்டுத் திட்டாகப் போகும். மச்சம் அப்படியே நிற்கும். மருதாணி வைத்த கையையும் காலையும் படமெடுத்துப் பயனில்லை. நகத்தில் ஏறிய மருதாணி நகம் வளர்ந்து வெட்டிப்போக மாதக்கணக்கில் ஆகும். கல்யாண வீட்டுக்கு முன்பே நகத்தைப் படம் எடுத்துவிடுங்கள்.

வெளிச்சம்: ஜன்னலோரம், நேர் வெயில் படாமல், பகலில். பிளாஷ் வேண்டாம். அது பளபளப்பைக் கூட்டி நடுநிறத்தை வெளுப்பாக்கும். இரவில்தான் முடியும் என்றால் ஒவ்வொரு முறையும் அதே அறையில், அதே பல்பின் கீழ் எடுங்கள்.

அளவுக்கு நாணயம் வைப்பது பலரின் வழக்கம். வைக்காதீர்கள். பழைய ஒரு ரூபாய் 25 மி.மீ. அகலம், 2011-க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய் ஏறக்குறைய 22 மி.மீ. ஆறு மாதம் கழித்து எந்த நாணயத்தை வைத்தோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது, மச்சம் வளர்ந்ததாகவோ சுருங்கியதாகவோ தோன்றும். பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். மச்சத்தை ஒட்டி, அதே மட்டத்தில், மில்லிமீட்டர் கோடு தெரியும்படி தோலோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஸ்கேல் தோலிலிருந்து ஒரு விரற்கடை மேலே தூக்கியிருந்தாலே அளவு பிசகும்.

போனை மிக அருகில் கொண்டுபோகக் கூடாது. பல போன்கள் பத்து செ.மீ.க்குள் போனால் தானாக அகலக் கோண லென்ஸுக்கு மாறி, நடுவில் இருப்பதைப் பெரிதாகவும் ஓரத்தில் இருப்பதை இழுத்தும் காட்டும். 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, தோலுக்கு நேர் எதிராக எடுங்கள். சாய்த்து எடுத்தால் வட்டம் முட்டையாகிவிடும். அழகூட்டும் பில்டர் எதுவும் ஓடக் கூடாது. மச்சத்தை அழிப்பதுதானே அதன் வேலை.

ஒரு இடத்துக்கு இரண்டு படம். முதலாவது தூரத்திலிருந்து, முழுப் பாதமும் குதிகாலும் தெரிய, எந்தக் கால் என்று புரியும்படி. இரண்டாவது நெருக்கத்தில், ஸ்கேலோடு. கூடவே ஒரு நோட்டில் எழுதுங்கள்: 'இடது உள்ளங்கால், பெருவிரல் மடிப்பிலிருந்து மூன்று செ.மீ. கீழே, நீளம் 4, அகலம் 3, ஒரே பழுப்பு, தட்டை, வலியில்லை.' தேதி. இந்த ஒரு வரி இல்லாத படம் பாதிப் படம்தான். போன் கடலில் விழலாம், பிள்ளை விளையாடி அழிக்கலாம், நோட்டு இருக்கும். டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் அது சுருக்கி அனுப்பும். ஓரத்தில் இருக்கும் நுணுக்கம் முதலில் தொலையும்.

தனியாக இருப்பவர் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதன்மேல் காலைத் தூக்கிப் பார்க்கலாம். இல்லையென்றால் மருமகளோ பேரனோ பார்க்கட்டும். காலைத் தொடவிடக் கூச்சப்படும் பாட்டிகள் நிறைய. சர்க்கரைக்குக் கால் பார்க்கிறோம் என்று சொன்னால் காட்டிவிடுவார்கள், அதுவும் பொய்யில்லை. விரலிடுக்கை விரித்துப் பார்க்க மறக்கக் கூடாது. சேற்றுப்புண் என்று மருந்து போட்டுக்கொண்டே போகும் இடம் அது.

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை

மாதம் ஒரு நாள் கண்ணால் ஒரு சுற்று. அமாவாசை, சம்பள நாள், எது மறக்காதோ அது. படம் எடுப்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். வாரா வாரம் எடுத்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. தினமும் பார்க்கும் பிள்ளை வளர்வது தெரியாத மாதிரிதான். ஒப்பிடும்போது போன முறை எடுத்த படத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள், முதல் படத்தை எடுத்து அருகில் வையுங்கள். மாதம் கால் மில்லிமீட்டர் என்று நகர்வது அடுத்தடுத்த படங்களில் ஒளிந்துகொள்ளும், முதல் படத்தோடு வைத்தால் வெளியே வரும்.

எதைப் பார்ப்பது? 1985-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்து டாக்டர்கள் ஆங்கில எழுத்து நான்கை வைத்து ஒரு சூத்திரம் சொன்னார்கள். 2004-ல் ஐந்தாவது எழுத்து சேர்ந்தது. தமிழில் அதன் சாரம்: நடுவில் கோடு போட்டால் இரண்டு பாதியும் ஒத்துப்போகிறதா, ஓரம் கிழிந்த மாதிரி இருக்கிறதா, ஒன்றுக்கு மேல் நிறம் கலந்திருக்கிறதா, 6 மி.மீ.க்கு மேல் அகலமா, மாறிக்கொண்டே போகிறதா. பென்சிலின் அடிப்பக்கம் கிட்டத்தட்ட அந்த அகலம்தான். இதில் கடைசிக் கேள்விக்கு மற்ற நான்கையும் சேர்த்து வைத்த எடை கொடுக்கலாம். சரியான வட்டமாக, ஒரே நிறமாக இருந்தும் மாறிக்கொண்டிருக்கும் மச்சம், கோணலாக இருந்தும் இருபது வருடமாக அசையாத மச்சத்தைவிடக் கவலைக்குரியது.

'அழகில்லாத வாத்து' என்று டாக்டர்கள் விளையாட்டாகச் சொல்லும் வழியும் உண்டு: ஒருவர் உடம்பில் உள்ள மச்சங்கள் ஒரே குடும்பச் சாயலில் இருக்கும். அதில் ஒன்று மட்டும் சாயல் தப்பி நின்றால் அதைக் காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சூத்திரம் தட்டையான மச்சத்துக்குத்தான் நன்றாக வேலை செய்யும். முடிச்சு மாதிரிக் கிளம்பும் மெலனோமா வட்டமாக, ஒரே நிறமாக, சின்னதாகவே இருந்து ஏமாற்றும். மேலெழும்பி, தொட்டால் கெட்டியாக, வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகிற எதையும் வீட்டில் கண்காணிக்கக் கூடாது. நிறமே இல்லாமல் சிவப்பாக, சதை வளர்ந்த மாதிரி, லேசாகத் தட்டினாலும் ரத்தம் கசிகிற ஒன்றும் இதே கணக்குதான். 'மெலனோமா கறுப்பாகத்தானே இருக்கும்' என்ற நம்பிக்கை இந்த இடத்தில் மிகவும் விலை கேட்கும். தானாக ரத்தம் வருவது, புண்ணாகி நான்கு வாரம் ஆகியும் மூடாதது, மச்சத்தைச் சுற்றி மை சிந்திய மாதிரி நிறம் பரவுவது, சுற்றிலும் குட்டிப் புள்ளிகள் வருவது: இவை எதற்கும் மூன்று மாதப் படம் கிடையாது. அந்த வாரமே பஸ் ஏற வேண்டியதுதான்.

ஆணியா, மருவா, ரத்தக்கட்டா

உள்ளங்காலில் குழப்பம் அதிகம், ஆகவே இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். கால் ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். நடுவில் மெழுகு மாதிரி ஒரு குருத்து இருக்கும். மருவை இரண்டு விரலால் பக்கவாட்டில் கிள்ளினால் வலிக்கும். சீவினால் உள்ளே எள்ளு மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் தெரியும், அவை உறைந்த நுண்ணிய ரத்தக்குழாய்கள். மரு இருக்கும் இடத்தில் தோலின் ரேகை ஓடாமல் விலகிப் போகும். குதிகாலின் விளிம்பில் ஓடியாடி உராய்ந்து ரத்தம் கட்டினால் கறுப்புப் பொடி தூவின மாதிரி இருக்கும். தோலின் மேலடுக்கில்தான் இருப்பதால் டாக்டர் பிளேடால் லேசாகச் சீவினாலே போய்விடும். மெலனோமா ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. கறுப்பாக இருந்து வலியே இல்லை என்றால் நிம்மதி வேண்டாம்.

இந்தச் சீவும் வேலையை வீட்டில் ஷேவிங் பிளேடால் செய்கிறவர்கள் உண்டு. சர்க்கரை உள்ளவர் காலில் அது எங்கே போய் முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தோல் டாக்டர் டெர்மோஸ்கோப் என்ற கையடக்கக் கருவியை வைத்துப் பார்ப்பார். பத்து மடங்கு பெரிதாக்கி, மேல் பளபளப்பை நீக்கிக் காட்டும். உள்ளங்காலில் ரேகைகள் வரப்பும் வாய்க்காலுமாக ஓடுகின்றன, வயல் மாதிரி. சாதாரண மச்சத்தில் நிறம் வாய்க்காலில் கிடக்கும். மெலனோமாவில் நிறம் வரப்பின்மேல் ஏறிக் கிடக்கும். வரப்பில் வரிசையாக உள்ள வியர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். ஜப்பானிய டாக்டர்கள் இதைப் பிரித்துக் காட்டினார்கள். அவர்களுக்கும் மெலனோமா அதிகம் வருவது உள்ளங்காலில்தான். நிறம் வாய்க்காலிலும் இல்லாமல் வரப்பிலும் தெளிவாக இல்லாமல் இருந்தால், 7 மி.மீ.க்கு மேற்பட்டதைப் பயாப்சி செய்வது, அதாவது சதை எடுத்துச் சோதித்துப் பார்ப்பது, அதற்குக் குறைவானதைத் தொடர்ந்து கவனிப்பது என்பது அவர்கள் வகுத்த முறை. போன் படத்தில் வரப்பையும் வாய்க்காலையும் நம்பிப் பிரிக்க முடியாது, முயல வேண்டாம்.

நகம்

மாநிறம், கறுப்பு நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் வேரிலிருந்து நுனிவரை ஓடுவது சாதாரணம். பத்து விரலில் ஐந்தாறு விரலில் இருந்தால் கவலை குறைவு. ஒரே ஒரு விரலில் மட்டும், குறிப்பாகக் கைக் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, புதிதாக ஒரு கோடு வந்து 3 மி.மீ.க்கு மேல் அகலமாகிறது என்றால் காட்ட வேண்டும். கோடு வேர்ப்பக்கம் அகலமாகவும் நுனிப்பக்கம் குறுகியும் முக்கோணமாக இருந்தால் அது வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்: நுனியில் இருப்பது பழைய நகம், வேரில் இருப்பது புதிய நகம். நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் கறுப்பு வழிந்தால் அது மிக முக்கியமான அடையாளம். ஜொனாதன் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிவைத்தார், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

கல் இடித்து ரத்தம் கட்டிய நகத்தை இதிலிருந்து பிரிக்க எளிய வழி இருக்கிறது. கறுப்பின் வேர்ப்பக்க விளிம்புக்கும் நகத்தின் வேர்மடிப்புக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலோடு படம் எடுங்கள். கைநகம் மாதம் சுமார் 3 மி.மீ., கால்நகம் சுமார் 1 முதல் 1.5 மி.மீ. வளரும். ரத்தக்கட்டு நகத்தோடு முன்னே நகரும், இரண்டு மாதத்தில் பின்னால் தெளிந்த நகம் பிறை மாதிரி வந்திருக்க வேண்டும். வராமல் கறுப்பு வேரிலேயே நின்றால் இடித்த கதையை மறந்துவிட்டு டாக்டரிடம் போங்கள். இடித்ததும் உண்மையாக இருக்கலாம், மெலனோமாவும் உண்மையாக இருக்கலாம். ஒன்று மற்றதை விலக்காது. கால் பெருவிரல் நகம் முழுக்க மாற ஒன்று, ஒன்றரை வருடம் ஆகும், அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

நகம் பிளந்து, தானாக உதிர்ந்து, அடியில் ஆறாத ஈரச்சதை தெரிந்தால் நகச்சுத்து என்று எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு மாதக்கணக்கில் இருப்பது நடக்கிறது. நகச்சுத்து வலிக்கும், சீழ் வைக்கும், சில நாளில் உடைந்து ஆறும். ஆறாதது நகச்சுத்து அல்ல.

கெடுப்பது எது

எருக்கம்பால், சுண்ணாம்பும் சலவைச்சோடாவும் குழைத்த பசை, சேங்கொட்டைப் பால், முந்திரித் தோட்டு எண்ணெய், குதிரைமுடி கட்டுவது. ஆணிக்கும் மருவுக்கும் காலம்காலமாகச் செய்கிறோம் என்பார்கள். ஆணிக்கும் மருவுக்குமே இவை புண்ணாக்கும். மெலனோமாவின்மேல் போட்டால் மேல்பகுதி வெந்து உதிர்ந்து, போய்விட்டது என்று தோன்றும். அடியில் இருப்பது இறங்கிக்கொண்டிருக்கும். பிறகு டாக்டர் பார்க்கும்போது வெந்த வடுதான் இருக்குமே தவிர வரப்பும் வாய்க்காலும் இருக்காது. மருந்துக்கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியிலும் சாலிசிலிக் அமிலம்தான் இருக்கிறது, அதுவும் தோலை அரிப்பதே. நிறமுள்ள எதன்மேலும் ஒட்டாதீர்கள்.

இன்னும் சுத்தமாகத் தெரிகிற ஆபத்து ஒன்று உண்டு. அழகுநிலையத்திலும், சில சமயம் சின்ன கிளினிக்கிலும், மச்சத்தைக் கரன்ட் வைத்துச் சுட்டு எடுத்துவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. எடுத்த சதை குப்பைக்கூடைக்குப் போகும். கழுத்தில் தொங்கும் பாலுண்ணிக்கு இது பரவாயில்லை. தட்டையான, கறுப்பான, மாறிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சுடுவது ஆதாரத்தைக் கொளுத்துவது. 'எடுத்ததைப் பயாப்சிக்கு அனுப்புவீர்களா?' என்று முன்னமே கேளுங்கள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

மச்ச பலன் பார்க்கிறவர்கள் அதிர்ஷ்ட மச்சத்தை எடுக்க விடுவதில்லை. உள்ளங்காலில் மச்சம் இருந்தால் வெளிநாட்டு யோகம் என்ற பேச்சும் உண்டு. யோகம் இருக்கட்டும், ஸ்கேல் வைத்து ஒரு படமும் இருக்கட்டும்.

டாக்டரிடம்

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் தோல் பிரிவு இருக்கிறது. மேற்குப் பக்கத்துக்காரர்கள் பலர் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போவார்கள். அங்கே மெடிக்கல் காலேஜ் வளாகத்திலேயே 1981-ல் தொடங்கிய ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. முதல் சந்திப்புக்குப் புற்றுநோய் மருத்துவமனைக்கே போக வேண்டும் என்பதில்லை, தோல் டாக்டர் போதும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எல்லை தாண்டி நம்புவதற்கு முன், அங்கே எடுக்குமா என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டையும் படங்களையும் கொண்டுபோங்கள். நகப்பாலிஷ், மருதாணி, மஞ்சள் வேண்டாம். சந்தேகப்பட்ட ஒன்றை மட்டும் காட்டாமல் இரண்டு காலையும் காட்டுங்கள்.

சந்தேகம் இருந்தால் பயாப்சி. 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற பயம்தான் இந்தப் பக்கத்தில் அதிக நாளைத் தின்கிறது. பயாப்சியால் மெலனோமா பரவுவதில்லை. எடுக்காமல் விட்ட மாதங்களில்தான் பரவுகிறது. சின்ன மச்சமென்றால் மரப்பு ஊசி போட்டு, சுற்றிலும் ஏறக்குறைய 2 மி.மீ. நல்ல தோலோடு, முழு ஆழத்துக்கு எடுப்பார்கள். பெரிதென்றால் மிகத் தடித்த அல்லது மிகக் கறுத்த பகுதியிலிருந்து ஒரு துண்டு. மேலாகச் சுரண்டி எடுத்தால் ஆழம் அளக்க முடியாது. சதை, அதைக் கெடாமல் காக்கும் 10 சதவீத பார்மலினில், அதன் பருமனைப்போல் பத்து மடங்கு திரவத்தில், மூடிய டப்பாவில் போக வேண்டும். லேபுக்கு உங்கள் கையில் கொடுத்தனுப்பினால் டப்பாவில் பெயரும், எந்தக் கால், எந்த இடம் என்பதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கால் தையல் பிரிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். ரப்பர் வெட்டுக்கும் கடலுக்கும் அதுவரை போக முடியாது, வேலையை அதற்கேற்பத் தள்ளிவையுங்கள்.

ரிப்போர்ட்டில் மெலனோமா என்று வந்தால் முதலில் தேட வேண்டிய எண் பிரெஸ்லோ தடிமன். அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-ல் சொன்ன அளவு அது: தோலின் மேலிருந்து எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பது. 1 மி.மீ. வரை, 1 முதல் 2, 2 முதல் 4, 4-க்கு மேல் என்று நான்கு படி. அகலத்தைவிட இந்த ஆழம்தான் அடுத்த எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 1 மி.மீ. வரை என்றால் சுற்றிலும் 1 செ.மீ. எடுத்துவிடுவார்கள். 2 மி.மீ.க்கு மேல் என்றால் 2 செ.மீ. ஏறக்குறைய 1 மி.மீ.யைத் தாண்டினாலே காலிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் தொடையிடுக்கு நெறியைச் சோதிக்கும் பேச்சு வரும். மேல் புண்ணாகியிருக்கிறதா என்ற வரியையும் பாருங்கள், அதே தடிமனிலும் அது நிலையை ஒரு படி மோசமாக்கும்.

ஆஸ்பத்திரி மாறும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. லேபில் ஸ்லைடும், சதையைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கும் இருக்கும், எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். இல்லாமல் போனால் புதிய இடத்தில் மறுபடி படித்துச் சொல்ல வழியில்லாமல் இரண்டாவது முறை பஸ் ஏற வேண்டிவரும்.

சில தனிக் கணக்குகள்

சர்க்கரைக் காலில் ஆறாத புண்: சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்து, நான்கு ஆறு வாரத்தில் சுருங்கவே இல்லையென்றால் ஓரத்திலிருந்து பயாப்சி கேளுங்கள். பழைய தீப்புண் தழும்பில் பல வருடம் கழித்துப் புண் வந்து ஓரம் தடித்து வெளியே புரண்டால் அது வேறு வகைப் புற்று. மெலனோமா அல்ல, ஆனால் அதே அவசரம். மூக்கோரம், இமை, மேலுதட்டில் முத்து மாதிரிப் பளபளத்து, நடுவில் பள்ளமாகி, அடிக்கடி பொருக்கு விழும் கறுப்பு மச்சம் பெரும்பாலும் மெதுவாக வளரும் இன்னொரு வகைப் புற்று. அது உயிருக்கு உலை வைப்பது அரிது, ஆனால் விட்டால் இமையையும் மூக்கையும் தின்னும். பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்துப் பிறந்தவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன வெயில் கணக்கு தலைகீழ். அவர்களுக்கு முழுக்கைச் சட்டையும் தொப்பியும் சின்ன வயதிலிருந்தே வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோல் டாக்டரும்.

ஆழ்கடலுக்குப் போய் ஒரு மாதம், நாற்பது நாள் திரும்பாத தூத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு மாதாமாதம் என்ற கணக்கு ஒத்துவராது. படகு ஏறுவதற்கு முந்தின நாள் ஒரு சுற்று, இறங்கிய மறுநாள் ஒரு சுற்று. உப்புத்தண்ணீரில் நாளெல்லாம் நின்ற காலை இறங்கிய அன்றே படமெடுக்காமல் ஒருநாள் காயவிடுங்கள். படத்தை வீட்டில் இருப்பவர் போனில் வைத்திருப்பதே மேல்.

மெலனோமா எடுத்தவர்கள் தழும்பை மட்டும் பார்த்தால் போதாது. தழும்புக்கும் தொடையிடுக்குக்கும் நடுவில் உள்ள முழங்கால், தொடை வழியெல்லாம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பட்டாணி மாதிரி ஏதாவது கையில் பட்டால் அடுத்த சந்திப்புவரை காக்காமல் போய்க் காட்டுங்கள். காலில் புண்ணே இல்லாமல் தொடையிடுக்கில் நெறி கட்டி மூன்று வாரம் கரையாமல் நின்றாலும் அப்படியே. மற்றக் காலுக்கும் படம் தொடர்ந்து எடுக்க வேண்டும்; நோட்டில் அதற்குத் தனிப் பக்கம் விட்டுவையுங்கள்.